பசுவின் பின்பாதி

14 அக்டோபர் 1996, திங்கள்

திங்கட்கிழமை, அதனால் நேற்றைய ஆட்டிறைச்சி. ஆறிப்போனது, மெல்லிசாகச் சீவியது, பக்கத்தில் வெங்காய ஊறுகாய். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் இந்த வீட்டில் திங்கட்கிழமைக்கு வேறு சாப்பாடு இருந்ததில்லை. நார்மன் சட்டம் போடவில்லை. நானும் போடவில்லை. ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்குச் சுட்ட இறைச்சி என்றால் திங்களுக்கு அதன் மிச்சம். அவ்வளவுதான்.

நார்மன் தட்டைப் பார்த்து, "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். வெயில் அடித்தாலும் அதுதான், பல் பிடுங்கினாலும் அதுதான்.

ஊர் நூலகத்தை மூடி இன்றோடு ஆறு வாரம். வாரத்தில் மூன்று காலை அங்கே போய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஏழு நாளும் வீடு. நார்மன் தண்ணீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. முன்ஜன்னலுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களுக்குக் கை காட்டுகிறோம். எங்கள் ஊர் ஆல்டர்விக்கில் தெருவில் போகிறவர்களும் அதிகம் இல்லை.

சாயங்காலம் வெரோனிகா ஸ்டப்பிங்ஸ் வந்தாள், கையில் எழுது அட்டையோடு. வருடா வருடம் சர்ச் கூடத்தில் நடக்கும் கிறிஸ்துமஸ் கூத்துக்கு அவள்தான் எல்லாம்.

"இந்தத் தடவை மாட்டை வித்துப் பயறு வாங்கற பையன் கதை. பசுவுக்கு நிறைய வேலை இருக்கு. வழக்கம் போல நீங்க ரெண்டு பேருந்தானே? நான் கேக்கவே வேண்டியதில்ல."

அவள் கேட்கவும் இல்லை. 1977-ல் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "ஒரே ஒரு வருஷத்துக்கு, டோரீன்." அதோடு சரி. ஒரே பசுத்தோலுக்குள் அவர் முன்பாதி, நான் பின்பாதி என்று பத்தொன்பது கூத்து முடிந்துவிட்டது. கப்பல் கதை போட்ட வருடம்கூடப் பசு இருந்தது, கப்பலில் ஏறியது. ஊர் எதிர்பார்க்கிறதாம்.

நார்மன் என்னைப் பார்த்தார். நான் நார்மனைப் பார்த்தேன்.

"சந்தோஷமா செய்றோம்" என்றேன். யார் வாய் அது?

17 அக்டோபர், வியாழன்

மார்ஜரியிடமிருந்து கடிதம். பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரி. விட்பியில், கடலைப் பார்த்த தெருவில், ஏழு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறாள். புருஷன் இறந்து மூன்று வருடம். இப்போது இடுப்பில் அறுவை சிகிச்சை, மாடிப்படி ஏற முடியவில்லை.

"வந்துவிடு. சும்மா ஒத்தாசைக்கு இல்லை, கூட்டாளியாக. மேல்மாடி அறை உனக்கு. இரண்டு ஜன்னல், இரண்டிலும் கடல். ஜனவரி இரண்டாம் வாரம் ஆரம்பிக்கலாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பதில் வேண்டும். இல்லையென்றால் விற்றுவிடுவேன். நார்மனும் வரலாம்தான், ஆனால் நீ அப்படிக் கேட்க மாட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது."

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்புறம் மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். நார்மன் மாவு டப்பாவைத் தொட்டதே இல்லை.

மார்ஜரிக்குத் தோன்றியது சரி. நான் கேட்க மாட்டேன். எனக்கு ஊர் மாற வேண்டியதில்லை. இந்த ஜன்னலிலிருந்து எழுந்து போக வேண்டும்.

18 அக்டோபர்

போக வேண்டும்.

எழுதிப் பார்த்தேன், எப்படி இருக்கிறதென்று.

5 நவம்பர், செவ்வாய்

மைதானத்தில் வைக்கோல் பொம்மையை எரித்து வாணம் விடும் நாள். வைக்கோல் மனிதனுக்கு யாரோ பழைய கோட்டும் தொப்பியும் மாட்டியிருந்தார்கள். அசப்பில் நார்மனைப் போலவே இருந்தது. பாவம், நான் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்து போனேன். நெருப்பு பிடித்தது. எல்லோரும் ஆவென்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்காமல் பேசலாம், அதனால் நல்ல சமயம்.

"நார்மன்."

"என்னம்மா?"

ஒரு வாணம் வெடித்தது. அடுத்தது எப்போது வெடிக்கும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"ஒண்ணுமில்ல. குளிருது" என்றேன்.

அவர் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து என் கழுத்தில் சுற்றிவிட்டார். மறுபடி நெருப்பைப் பார்த்தார்.

இதுதான் தொல்லை. குடிகாரராக இருந்தால் போய்விடலாம். கை நீட்டுகிறவர் என்றால் போன வருடமே போயிருப்பேன். கழுத்தில் துண்டைச் சுற்றிவிடுகிறவரை என்னவென்று சொல்லி விட்டுப்போவது? ஊர் கேட்டால் என்ன சொல்வேன் — திங்கட்கிழமை ஆறிப்போன இறைச்சி என்றா?

12 நவம்பர், செவ்வாய்

முதல் ஒத்திகை. முதுகு விண்ணென்று தெறிக்கிறது. நார்மன் சளி என்று இன்று வரவில்லை. அதனால் முன்பாதி இல்லாமல் பின்பாதி மட்டும் மேடையில் நடந்தது. எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

இந்தப் பசுவை நான் எழுதி வைத்ததே இல்லை. காகிதக்கூழில் செய்த தலை, கித்தான் உடம்பு, பாச்சை உருண்டை வாசனை. நார்மன் உயரம், அதனால் அவர் முன்பாதி. அவருக்குப் பார்க்க இரண்டு ஓட்டை. இமையை மூடித் திறக்க ஒரு கயிறு. தலைக்குள் தண்ணீர் நிரப்பிய ரப்பர் பந்து ஒன்று; அழுத்தினால் பசு கண்ணீர் விடும். எனக்கு வால் கயிறு. இடுப்பை மடித்துக் குனிந்து, இரண்டு கையாலும் நார்மனின் பெல்ட்டைப் பிடித்து, நெற்றியை அவர் முதுகில் வைத்து, அவர் போகிற பக்கம் போக வேண்டும். ஒன்றும் தெரியாது. கும்மிருட்டு. இத்தனை வருடத்தில் அந்தப் பசு வெளியே எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை.

பேசினால் முன்வரிசைக்குக் கேட்கும், அதனால் ஜாடை வைத்துக்கொண்டோம். பெல்ட்டை இரண்டு தடவை இழுத்தால் "நில், என்னால் முடியவில்லை" என்று அர்த்தம். 1977-ல் பேசியது. நான் ஒரு தடவைகூட இழுத்ததில்லை. கால் மரத்துப்போன வருடமும் இழுக்கவில்லை, காய்ச்சலோடு ஆடிய வருடமும் இழுக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தி என்னைப் பார் என்பதா? நன்றாக இருக்குமா?

செக்குமாடு. வேறென்ன.

கசாப்புக் கடை கிளிஃப்தான் வழக்கம் போலப் பையனின் அம்மா வேஷம். இன்னும் மீசை எடுக்கவில்லை. "கண்ணு டோரீன், உன் பின்னழகுக்காகத்தான் இந்த ஊரே டிக்கெட் வாங்குது" என்றான். ஒவ்வொரு வருடமும் இதையே சொல்வான். ஒவ்வொரு வருடமும் நானும் சிரிப்பேன்.

கூத்தின் கடைசி இரண்டு வரியை ஒத்திகையில் யாரும் சொல்லக் கூடாது. ஆகாது. முதல் நாள் ஆட்டத்தில், ஜனங்களுக்கு முன்னால்தான் அது வாயிலிருந்து வர வேண்டும். புதிதாக வந்த ஒரு பெண் தெரியாமல் ஆரம்பித்துவிட்டாள். வெரோனிகா பாய்ந்து வாயைப் பொத்தினாள்.

கடைசி வரியைச் சொல்லாமலே ஒத்திகை பார்ப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. என் வீட்டில் முப்பத்தொரு வருடமாக நடக்கிறது.

16 நவம்பர், சனி

சளி விட்டது. நார்மன் சமையலறைக்கு வந்து கதவோரமாக நின்றார். எனக்கு இடம் போதவில்லை.

"உருளைக்கிழங்கு எவ்வளவு நேரம் வேகணும்?"

"எதுக்கு?"

"சும்மா. தெரிஞ்சுக்கலாம்னு."

இருபது நிமிடம் என்றேன். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஆள் வேலையில்லாமல் கிடந்தால் இப்படித்தான் ஆகும். இனி எனக்கு இந்த அறையும் மிச்சமில்லை.

24 நவம்பர், ஞாயிறு

கிறிஸ்துமஸ் களி கிண்டும் ஞாயிறு. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு சுற்று கிண்டி, மனசுக்குள் ஒன்று வேண்டிக்கொள்ள வேண்டும். வெளியே சொன்னால் பலிக்காது. வெளியே சொல்லாமல் இருப்பதற்கு இந்த நாட்டில் எத்தனை சாஸ்திரம்.

முதலில் நார்மன் கிண்டினார். கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரண்டியைக் கொடுத்துவிடுவார். இன்று கொஞ்சம் நேரம் பிடித்தது.

"என்ன, பெரிய வேண்டுதலா?" என்றேன்.

"சொல்லக் கூடாதுல்ல" என்றார்.

நான் கடலை வேண்டிக்கொண்டேன். இரண்டு ஜன்னலிலும். அப்புறம் வெட்கமாக இருந்தது, களியில் பிராந்தியைக் கூடுதலாக ஊற்றிவிட்டேன்.

3 டிசம்பர், செவ்வாய்

துணி துவைக்கும் மிஷினுக்கு மேலே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. நார்மன் கையெழுத்து. எந்தப் பொத்தான், வெள்ளைக்கு எவ்வளவு சூடு, கம்பளியை ஏன் போடக் கூடாது. என் கார் டயர் நாலும் புதிதாக இருக்கின்றன. "பழசு தேஞ்சு போச்சு" என்றார். தேயவில்லை. மாடியறைக்குப் போனால் என் பெட்டியின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

ஆளுக்கு ஏதாவது வியாதியா? டாக்டர் ஏதாவது சொல்லி, என்னிடம் மறைக்கிறாரா? மத்தியானம் அவர் தோட்டத்தில் இருந்தபோது கோட்டுப் பையைத் துழாவினேன். புதினா மிட்டாயும் ஒரு திருகாணியும்தான் இருந்தன.

வியாதி என்றால் நான் போக முடியாது. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. கோபம். எழுதி வைக்கிறேன், பிற்பாடு நல்லவள் மாதிரி நடிக்காமல் இருக்க.

4 டிசம்பர்

"உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டேன்.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல."

"நிஜமா, நார்மன்."

"நிஜமா. போன மாசம்தான் பாத்தாங்க. குதிரை மாதிரி இருக்கேனாம்."

"மாடு மாதிரி" என்றேன். சிரித்தார். நானும். சிரித்து முடித்த பிறகு சொல்லியிருக்கலாம். தேநீர் போடவா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். தேநீர் வந்தது. தேநீர் வந்த பிறகு அந்த மாதிரிப் பேச்சு பேச முடியாது.

12 டிசம்பர், வியாழன்

வருகிறேன் என்று மார்ஜரிக்கு எழுதிவிட்டேன். ஜனவரி எட்டு, புதன்.

தபால் நிலையத்தில் நல்ல வரிசை, எல்லோர் கையிலும் வாழ்த்து அட்டைகள். என் முறை வந்ததும் பின்னால் இருந்தவருக்கு விட்டுக்கொடுத்தேன். அவர் இல்லை இல்லை நீங்கள்தான் என்றார். நான் இல்லை இல்லை என்றேன். இப்படியே நாலு பேரை முன்னால் விட்டேன். ஐந்தாவதாக வந்தவள் வெரோனிகா. அவளிடம் மாட்டிக்கொள்ளப் பயந்தே கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். வெரோனிகாவால் எனக்கு நடந்த ஒரே நல்லது.

இனி அவரிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. இருபத்தேழு நாள் இருக்கிறது.

25 டிசம்பர், புதன்

மகள் ஜூடித் கனடாவிலிருந்து போன் செய்தாள். அப்பாவைக் கொடு என்றாள், அம்மாவைக் கொடு என்றாள், பனி எவ்வளவு என்று சொன்னாள். வான்கோழி கொஞ்சம் வறண்டுவிட்டது. பட்டாசுக் குழலை ஆளுக்கொரு முனை இழுத்து, உள்ளேயிருந்த காகிதக் கிரீடத்தை வைத்துக்கொண்டோம். எனக்குப் பச்சை, அவருக்கு மஞ்சள். மூன்று மணிக்குத் தொலைக்காட்சியில் ராணியின் பேச்சு. அது முடியும்வரை நார்மன் முதுகை நிமிர்த்தித்தான் உட்காருவார்.

அப்புறம் பரிசு. நான் அவருக்கு வீட்டுச் செருப்பு, வழக்கம் போல. அவர் கொடுத்த பொட்டலம் கனமாக இருந்தது. பிரித்தால் மழைக்கோட்டு. சாதாரணக் கோட்டு இல்லை. மீன்பிடிக்கிறவர்கள் போடுகிற தடிமன், உள்ளே கம்பளி, காற்று புகாத காலர்.

ஆல்டர்விக்கிலிருந்து கடல் எவ்வளவு தூரம்.

"அளவு சரியா இருக்கா?" என்றார்.

"சரியா இருக்கு."

"காத்து பலமா அடிச்சா உதவும்."

தலையில் மஞ்சள் கிரீடத்தோடு அவர் என்னைப் பார்க்கவில்லை, தொலைக்காட்சியைப் பார்த்தார். தெரியுமா? தெரிஞ்சா ஏன் வாயைத் திறக்கல? தெரியலன்னா இந்தக் கோட்டு எதுக்கு? மாவு டப்பாவுக்கு அடியில் பார்த்தேன். கடிதம் வைத்த மாதிரியே இருக்கிறது.

நான் கேட்கவில்லை. களிக்குப் பாலாடை ஊற்றவா என்று மட்டும் கேட்டேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

2 ஜனவரி 1997, வியாழன்

முதல் ஆட்டம். கூடம் நிறைந்திருந்தது. நான் பார்க்கவில்லை, சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். குனிந்தேன், பிடித்தேன், நடந்தேன். கடைசி வரியைச் சொன்னார்கள், எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் என் வரியைச் சொல்லவில்லை.

3 ஜனவரி

இன்றும் இல்லை.

4 ஜனவரி, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கடைசி ஆட்டம். பசுவை விற்கிற காட்சி. தபால்காரர் ட்ரெவரின் மகள் லின்தான் பையன் வேஷம். பையனைப் பெண்ணும் அம்மாவைக் கசாப்புக்காரனும் போடுவதுதானே எங்கள் முறை. லின் கயிற்றைப் பிடித்துச் சந்தைக்கு இழுக்க வேண்டும். பசு போக மாட்டேன் என்று நிற்க வேண்டும். கிளிஃப் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவான். அதே நேரம் பின்னாலிருந்து மாட்டுத் தரகன் பதுங்கிப் பதுங்கி வருவான்.

பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். "பின்னால! பின்னால பாரு!"

"பின்னாலயா? பின்னால யாரும் இல்லியே" என்றான் கிளிஃப்.

"இருக்கு!"

"இல்லவே இல்ல."

"இருக்கு, இருக்கு!"

இருட்டுக்குள் குனிந்து கிடந்தேன். இருநூறு பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், பின்னால் ஆள் இருக்கிறது என்று. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இன்னும் நாலு நாள். வீட்டுக்குப் போனால் தேநீர் வந்துவிடும். தேநீர் வந்துவிட்டால் நான் செத்தேன்.

பெல்ட்டை இழுத்தேன். இரண்டு தடவை.

நார்மன் நின்றுவிட்டார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பேசிய ஜாடை, அவருக்கு நினைவிருந்தது. லின் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பசு நகரவில்லை.

"நார்மன், நான் போறேன். எட்டாந்தேதி. விட்பிக்கு, மார்ஜரிகிட்ட. பாத்துட்டு வர்றதுக்கு இல்ல. போறதுக்கு."

அவர் முதுகு என் நெற்றியில் ஒரு தடவை ஏறி இறங்கியது. வெளியே இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை.

பிறகு அவர் குரல் வந்தது. காதால் கேட்டதைவிட எலும்பு வழியாக வந்ததுதான் அதிகம்.

"சரி. இந்தப் பக்கம் மூணு படி இருக்கு. பாத்து எறங்கு."

மூன்று படியும் பார்த்து இறங்கினேன். அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. முப்பத்தொரு வருடத்துக்கு மூன்று படியா?

ஆட்டம் முடிந்து உடை மாற்றும்போது வெரோனிகா வந்தாள். "நார்மனுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு? கண்ணீர்ப் பந்தை விடாம அழுத்திக்கிட்டே இருந்தார். லின் முகம் பூரா தண்ணி. ஜனங்க சிரிச்சு உருண்டாங்க. பந்து காலியான பிறகும் கண்ணை மூடி மூடித் தெறந்துட்டு இருந்துச்சு பசு."

"எனக்குத் தெரியாது" என்றேன். "நான் பின்னால இருந்தேன்."

5 ஜனவரி, ஞாயிறு

இன்றைக்குள் அலங்காரங்களைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வருடம் முழுக்கத் துரதிர்ஷ்டம். நார்மன் ஏணியில், நான் கீழே. அவர் கழற்றிக் கொடுத்த கண்ணாடி உருண்டைகளைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

ஏணியிலிருந்தே, மரத்தைப் பார்த்துப் பேசினார்.

"நவம்பர்ல மார்ஜரி போன் பண்ணாங்க. நீ ஒத்திகைக்குப் போயிருந்தே. எனக்குச் சளி."

"என்ன சொன்னா?"

"டோரீன் முடிவு பண்ணிட்டாளான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியும்னு நினைச்சுட்டாங்க. தெரியாதுன்னு புரிஞ்சதும் பாவம், ரொம்பக் கூசிப் போயிட்டாங்க. போன் பண்ணதை உங்கிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. வாக்குக் குடுத்துட்டேன்."

"ரெண்டு மாசம், நார்மன்."

"வாக்குல்ல அது."

உருளைக்கிழங்கு. மிஷின் காகிதம். டயர். தாழ்ப்பாள். கோட்டு. எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றது. நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு அவ்வளவுதானா நான்?"

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். கையில் உச்சி நட்சத்திரம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"கேட்டிருந்தா நீ இருந்திருப்பே" என்றார். "அதான் கேக்கல."

நான் வாய்விட்டு அழுதேன். இந்த வீட்டில் அப்படி அழுதது முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் கைக்குட்டை கொடுத்தார். தேநீர் போடவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "பசு உனக்குப் பிடிச்சுதான் செஞ்சே, இல்லியா?"

"எனக்கா? உங்களுக்குப் பிடிக்கும்னுதான் செஞ்சேன்."

"எனக்கு முதல் வருஷமே வேணாம்னு இருந்துச்சு. உள்ள ஒரே புழுக்கம்."

இருபது கூத்து. இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் மாடாகியிருக்கிறோம்.

8 ஜனவரி, புதன் — ரயிலில்

காரை அவருக்கே விட்டுவிட்டேன், புது டயரோடு. நிலையத்தில் கை குலுக்கினோம். புருஷன் பெண்டாட்டி கை குலுக்குவதைப் பார்த்துப் போர்ட்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மடித்த காகிதப் பையில் ரொட்டி கொடுத்தார். உள்ளே ஆறிப்போன ஆட்டிறைச்சி, புதன்கிழமையாக இருந்தும். அவரே சுட்டதாம். கருகியிருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

2 டிசம்பர் 1997, செவ்வாய் — விட்பி

இந்த நோட்டை எடுத்தே பல மாதம் ஆகிறது. எழுத நேரமில்லை, ஏழு அறை, ஏழு காலைச் சாப்பாடு, மார்ஜரியின் வாய். கோட்டு நன்றாக உழைக்கிறது.

நார்மன் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார், பெரும்பாலும் மழையைப் பற்றி. இன்று வந்ததில் மழை இல்லை.

"இந்த வருடம் வெரோனிகாவிடம், முன்பாதி வேண்டாம், பின்பாதி கொடு என்று கேட்டேன். முன்னால் ட்ரெவர். உள்ளே ஒன்றும் தெரியவில்லை, டோரீன். அவன் எங்கே போகிறான் என்று சொல்வதும் இல்லை. இப்படித்தான் இருந்ததா? நீ சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. டிக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன். வர முடியாவிட்டால் பரவாயில்லை."

"இப்படித்தான் இருந்ததா" என்ற இடத்தை மார்ஜரிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள் எனக்குத் தேநீர் ஊற்றினாள்.

4 ஜனவரி 1998, ஞாயிறு — விட்பி

போய்விட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் வரிசை, நடைபாதை ஓரம். இருபது கூத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பசுவை வெளியிலிருந்து பார்த்தேன். கண் ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அழகாக இல்லை. முன்பாதி தட்டுத் தடுமாறிப் போனது, பின்பாதி இரண்டு அடி பின்னாலேயே இழுபட்டது. அடுத்து, தரகன் வருகிற காட்சி. பிள்ளைகள் பின்னால பாரு என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது பசு நடுமேடையில் நின்றுவிட்டது. ட்ரெவர் இழுக்கிறான், வரவில்லை. கூடம் சிரித்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். இருபது கூத்திலும் நான் ஒரே ஒரு தடவை இழுத்த பெல்ட்டை நார்மன் முதல் வருடமே இழுத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து கூடத்து வாசலில் நின்றோம். முகம் சிவந்து, முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு. இருக்கியா?"

கேட்டார். நான் கிளிஃபின் அக்கா வீட்டில் இரவு தங்க ஏற்பாடு செய்திருந்தேன்.

"இல்ல, நார்மன். காலை ரயிலுக்குப் போகணும்."

சொல்லிவிட்டு, ஏதாவது நடக்குமா என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "சரி" என்றார். பிறகு, "விட்பியில அறை கிடைக்குமா? ஈஸ்டர் சமயம். கூட்டமா இருக்குமோ?"

"பாத்துச் சொல்றேன்."

சாயங்காலம் வந்ததும் மார்ஜரியின் பதிவேட்டை எடுத்தேன். ஆறாம் அறை, கடல் பக்கம். பெயர் எழுதினேன். வரும் நாள் எழுதினேன். போகும் நாள் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதை அவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.